கோடைக் காதல் நாவலின் கைப்பிரதி குறித்து என் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய கைப்பிரதியை முழுவதும் படித்து முடித்துவிட்டேன். பதிப்பகத்துக்கு அனுப்புவதற்கு முன் என் கருத்தைக் கேட்டிருந்தாய். பெற்றவள் என்பதற்காக மெச்சிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பிறப்பில் பெண்ணென்று குறிக்கப்பட்டு ஆணாக வாழும் பதினேழு வயதுத் திருநம்பி ஒருவனின் கோடைக் காதலை அதே வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியிருக்கிறாய். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியொரு பிள்ளையின் கையில் இருப்பதாக நினைத்தே படித்தேன்.

நீச்சல் குளத்துக் காட்சிதான் நாவலின் உயிர். நண்பர்கள் எல்லோரும் தண்ணீரில் குதிக்க, அவன் மட்டும் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு சட்டைகளுக்கு அடியில் மார்பைத் தட்டையாகக் காட்ட இறுக்கிப் பிடித்திருக்கும் பைண்டர் என்ற உள்ளாடை வியர்வையில் ஊறி விலாவை அறுக்கிறது. அதைக் கழற்றவும் முடியாது, அதோடு நீந்தினால் மூச்சு முட்டும், ஏன் தண்ணீரில் இறங்கவில்லை என்று கேட்பவர்களிடம் காரணம் சொல்லவும் முடியாது. அவன் காதலிக்கும் அந்தப் பெண் எதுவும் கேட்காமல் ஏறி வந்து, அடுத்த படியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி அவன் பாதத்தில் ஊற்றுகிறாள். அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்று நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மற்றவர்கள் உடையைக் குறைத்துக்கொள்ளும் வெயில் காலத்தில் இவன் ஒரு சட்டை கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை எத்தனை விளக்கம் எழுதினாலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. இதில் ஓர் எழுத்தையும் தொடாதே.

ஆனால் அடுத்த அத்தியாயத்தில் அவன் அந்தப் பைண்டரோடு இரவு முழுவதும் தூங்குவதாகப் போகிற போக்கில் எழுதியிருப்பதை நீக்கிவிடு. நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் அணியக்கூடாது, தூங்கும்போது கட்டாயம் கழற்றிவிட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. மீறினால் முதுகும் விலாவும் நோகும், மூச்சு வாங்கும். கதையில் நாயகன் செய்வதைப் படிக்கிற பிள்ளை தானும் செய்து பார்க்கும், அதிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லாத பிள்ளை நிச்சயம் செய்து பார்க்கும்.

குரல் விஷயத்திலும் நீ அவசரப்பட்டிருக்கிறாய். விடுமுறை தொடங்கும்போது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கும் பையனுக்கு, பள்ளி திறப்பதற்குள் முழு ஆண்குரல் வந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். மகரக்கட்டு உடைவதற்கே சில மாதங்கள் ஆகும், குரல் நிலைபெற ஓராண்டோ இரண்டாண்டோ பிடிக்கும் என்பது உனக்கே தெரியும். சிகிச்சையின் தொடக்கத்தை விடுமுறைக்குச் சில மாதங்கள் முன்பாகவே வைத்துவிட்டு, உடையத் தொடங்கிய அந்தக் குரலையே காதலுக்குள் கொண்டுவந்தால் என்ன? தொலைபேசியில் அவள் பெயரைச் சொல்லும்போது பாதியில் கீச்சென்று ஏறும் குரலைக் கேட்டு அவன் வெட்கப்படுவதும், அவள் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்பதும், நீ எழுதியிருக்கும் கம்பீரக் குரலைவிடப் பல மடங்கு இனிமையாக இருக்கும்.

இப்போது என்னை மிகவும் வருத்திய இடத்துக்கு வருகிறேன். பதினோராம் அத்தியாயத்தில் அவன் தன்னைப் பற்றிய உண்மையை அவளிடம் சொல்கிறான். சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்கிறான், அவளும் பெருந்தன்மையோடு மன்னிக்கிறாள். கண்ணா, அவன் என்ன தவறு செய்தான்? பழகத் தொடங்கிய சில வாரங்களுக்குள் தன் பிறப்பின் கதையை ஒருவரிடம் ஒப்புவித்தாக வேண்டும் என்ற கடமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது அவன் முடிவு, பல வேளைகளில் அவன் உயிரின் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது. அவன் சொல்லட்டும், அச்சத்தோடுகூடச் சொல்லட்டும், ஆனால் குற்றவாளியைப் போலத் தலைகுனிந்து நிற்க வேண்டாம். மாறாக, அவள் அதைத் தன் தோழியிடம் சொல்லிவிடுவதை நீ இரண்டே வரியில் கடந்துபோகிறாயே, மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதுதான். அவனைக் கேட்காமல் அவனைப் பற்றி இன்னொருவரிடம் சொன்னது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவள் உணரும் காட்சி ஒன்றை முழுமையாக எழுது. தவறிழைத்தும் அன்பை விட்டுவிடாத பெண்ணாக அவள் அங்கேதான் வளர்வாள்.

இந்த வகை நாவல்கள் வந்த வழியை நீ அறிவாய். 2004இல் வெளிவந்த ஜூலி ஆன் பீட்டர்ஸின் ‘லூனா’வில் திருநங்கையின் கதையை அவளுடைய தங்கைதான் சொல்கிறாள். 2016இல் மெரெடித் ருஸ்ஸோ என்ற திருநங்கை எழுதிய ‘இஃப் ஐ வாஸ் யுவர் கேர்ள்’ நாவலில் நாயகியே தன் காதலைத் தன் வாயால் சொல்கிறாள். பக்கத்தில் நின்று பார்ப்பவரிடமிருந்து கதை உரியவரின் கைக்கு வந்து சேர்ந்துவிட்ட பிறகு, நீயும் உன் நாயகனைத் தன்னிலையில் பேசவைத்த பிறகு, அவன் ஏன் இன்னும் மற்றவர்களின் சம்மதத்துக்குக் காத்திருப்பவனாகவே பேசுகிறான்? நண்பன் ஒருவன், “பெண்களைப் பிடித்திருப்பதால்தான் நீ ஆணாகிவிட்டாயா?” என்று கேட்கும்போது உன் நாயகன் ஒரு பக்கத்துக்குப் பாடம் எடுக்கிறானே, அதைச் சுருக்கு. “நான் யார் என்பது ஒன்று, எனக்கு யாரைப் பிடிக்கும் என்பது வேறொன்று” என்று சொல்லிவிட்டு அவன் பந்தை எடுத்துக்கொண்டு விளையாடப் போகட்டும்.

மருத்துவர் பேசும் பகுதியும் பழையதாக இருக்கிறது. திருநம்பியாக இருப்பதையே அவர் மனநலக் கோளாறு என்கிறார். நாவலோ இந்த ஆண்டில் நடக்கிறது. அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 2013இலேயே ‘பாலின அடையாளக் கோளாறு’ என்ற பெயரைக் கைவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் இதை மனநலக் கோளாறுகளின் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. அவரை அறியாதவராகக் காட்டுவது உன் நோக்கமானால், அவர் சொல்வது தவறென்று கதைக்குள் யாராவது சொல்லியாக வேண்டும்.

அம்மா பாத்திரம் மூன்று அத்தியாயங்கள் அழுகிறாள். அழட்டும், ஆனால் ஒரு அத்தியாயம் போதும். காதலர்களுக்குக் கிடைத்திருப்பதே ஒரு விடுமுறைதான், அதில் பாதியைப் பெரியவர்களின் துயரம் எடுத்துக்கொள்வதை நான் விரும்பவில்லை.

கடைசியாக, முடிவைப் பற்றி. அவர்கள் பிரிவதில் எனக்குக் குறையில்லை. விடுமுறை முடிந்ததும் ஊருக்கு ஒருவராகப் பிரிவது அந்த வயதுக் காதல்கள் பலவற்றுக்கும் நேர்வதுதான். ஆனால், “உன்னோடு வாழும் துணிச்சல் எனக்கில்லை” என்று அவள் சொல்லிப் பிரியும்போது, அவன் திருநம்பி என்பதே பிரிவுக்குக் காரணமாகிவிடுகிறது. தன்னை யாராவது காதலிப்பார்களா என்ற கேள்வியோடு இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு நீ தரும் பதில் அந்த ஒரு வசனமாகிவிடும். அதை எடுத்துவிடு. அவள் குடும்பம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறது என்பதே போதும்; தூரம் அவர்களைப் பிரிக்கட்டும், கடைசிப் பக்கத்தில் அவள் எழுதும் கடிதத்துக்கு அவன் பதில் எழுதட்டும்.

பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகளோடு பிரதியைத் தபாலில் அனுப்புகிறேன். பதினோராம் அத்தியாயத்தை மட்டும் முதலில் திருத்தி எனக்கு அனுப்பு. அதைப் படித்துவிட்டு மற்றவற்றைப் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா