அது சாலை இல்லை, சோழவரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை, ராத்திரியில் பைக் ரேஸ் ஓட்டிப் பிடிபட்ட பையன்களைப் பற்றிய செய்தியோடு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டிருந்தீர்கள். ‘அந்தக் காலத்திலும் இதே சாலை சாகசம்’ என்று கீழே ஒரு வரி. செய்தியில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. படம் எங்கள் வீட்டுப் படம். என் அக்கா மகன் செல்போனில் எடுத்து யாருக்கோ அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றி உங்கள் மேசைக்கும் வந்திருக்கிறது. கேட்காமல் போட்டதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் அது சாலை இல்லை ஐயா.

இன்னொரு தரம் பாருங்கள். ஒரு விளக்குக் கம்பம் தெரிகிறதா? டீக்கடை? ஓரத்தில் வைக்கோல் கட்டு அடுக்கியிருக்கிறது. எந்த ஊர்ச் சாலையில் வைக்கோல் கட்டு அடுக்குவார்கள்? அது செங்குன்றத்தைத் தாண்டி இருக்கிற சோழவரம் ஓடுதளம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் விமானம் இறங்கப் போட்டது. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது. விஜய் மல்லையா பழைய பார்முலா ஒன் காரான என்சைனைக் கொண்டுவந்து ஓட்டியது அங்கே. கோவை கரிவரதன் கார் ஓட்டியதும் அங்கே. செட்டிபாளையத்து டிராக்குக்கு இன்று அவர் பெயர்தான். காரெல்லாம் பெரிய இடத்து சமாச்சாரம். நாங்கள் புதுப்பேட்டை பைக் பட்டறை ஆட்கள். டூ ஸ்ட்ரோக் சத்தம் கேட்டால்தான் தலை திரும்பும்.

படத்துக்குப் பின்னால் ‘சோழவரம் 87, பிராக்டீஸ்’ என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கிறது. எடுத்தவன் என் சித்தப்பா மகன், அக்பா கிளிக் த்ரீ கேமராவில். ஒரு ரோலுக்கு 12 படம்தான். அந்த ரோலில் ஐந்து படத்தில் வெறும் தரையும் புகையும் மட்டும் இருக்கிறது. இவன் பட்டனை அமுக்குவதற்குள் வண்டி போய்விட்டது!

ரேஸ் என்றால் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஆனால் பிராக்டீஸ் முடிந்த சாயங்காலத்தில் இரண்டிரண்டு வண்டியாக நிறுத்தி நேராக இழுத்துப் பார்ப்போம். கால் மைல், அதாவது 402 மீட்டர். இப்போது டிராக் ரேஸ் (drag race, நேர்கோட்டுப் பந்தயம்) என்று கலர் விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் வைத்து நடத்துகிறார்களே, அதேதான். எங்களிடம் இருந்தது ஒரு கைக்குட்டை, ஒரு ஸ்டாப்வாட்ச்.

படத்தில் இருக்கிற வண்டி ராஜ்தூத் 350. எஸ்கார்ட்ஸ் 1983-ல் இங்கே இறக்கிய யமஹா ஆர்டி. ரெட்டை சிலிண்டர், ஆறு கியர். புல்லட் 18 குதிரைசக்தியோடு ஓடிக்கொண்டிருந்தபோது இதன் ஹை டார்க் மாடல் 30-ஐத் தாண்டியது. மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் சொந்தக்காரர் பேச்சை மாற்றிவிடுவார். கிளட்சை வெடுக்கென்று விட்டால் முன்சக்கரம் எழும்பும். பயந்து ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் ஆட்டம் போச்சு. மெதுவாக விட்டால் வண்டி இருமும், கிளட்ச் பிளேட் கருகும். படத்தில் முன்சக்கரம் ஒரு சாண் மேலே நிற்பது சாகசம் காட்டுவதற்காக இல்லை, கிளட்சை விட்ட கை தப்பியதால்.

பின்னால் பனியனும் மடித்துக் கட்டிய லுங்கியுமாகக் குந்தியிருப்பவர் வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. எங்கள் பட்டறை பாய். கையில் இருப்பது இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் ஸ்பேனர். முழு வேகத்தில் போகும்போதே கிளட்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்தி, உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்த வேண்டும். ஐடிலில் ஓட்டி வந்தால் பிளக் பொய் சொல்லும் என்பார். சூட்டோடு கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். காபித்தூள் நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் ஓட்டையாகப் போகிறது, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்று. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். ரேஸ் ஆயிலில் விளக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். அந்த வாசனை சட்டையில் ஏறினால் நாலு துவைப்புக்குப் போகாது. அம்மா, "யாருக்குடா பேதிக்குக் கொடுத்தே?" என்று கேட்பாள்.

பிடிபட்ட பையன்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எங்களோடு வேலை பார்த்த ஒருவன் ராத்திரி ரோட்டில் பந்தயம் கட்டிக் காலை முறித்துக்கொண்டு வந்தான். அவன் வண்டியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார் பாய். ஆறு மாசம் பட்டறை மூலையில் கிடந்தது. "சோழவரத்துக்கு வர்றதா இருந்தா சொல்லு, இன்னைக்கே பிரிக்கிறேன்" என்றார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது, ரேஸெல்லாம் அங்கே போய்விட்டது. நல்ல டிராக், வளைவெல்லாம் முறையாகப் போட்டது. ஆனால் இப்போதைய பையன்களுக்கு வேண்டியது வளைவு இல்லை. ஹெல்மெட் போட்டு, வண்டியைச் சோதித்து, ஆம்புலன்ஸை நிறுத்திவைத்து, மாசத்துக்கு ஒரு ஞாயிறு நேராக 402 மீட்டர் விட்டால் போதும். இதைப் பிடிபட்ட செய்திக்குப் பக்கத்திலேயே ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

இன்னொன்று. படத்தின் இடது பக்கத்தை வெட்டிவிட்டீர்கள். இடம் போதாமல் வெட்டியிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்தில்தான் இரண்டாவது வண்டி இருக்கிறது. ஆர்எக்ஸ் 100. ஓட்டுவது நான். 350-க்குப் பக்கத்தில் 100-ஐ நிறுத்துவார்களா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு வேறு வண்டி கிடைக்கவில்லை. திருத்தம் போடுவதாக இருந்தால் முழுப் படத்தையும் போடுங்கள், அக்கா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசியில் ஜெயித்தது ராஜ்தூத்தான். ஆனால் அவன் முன்சக்கரம் தரைக்கு வரும்வரை, ஒரு 20 மீட்டருக்கு, நான்தான் முன்னால். படம் அந்த 20 மீட்டருக்குள் எடுத்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூவீலர் மெக்கானிக்,
பெரம்பூர், சென்னை.