குடையை விட்டுச் சென்ற தம்பிக்கு நன்றி

கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு அருகே ஜெராக்ஸ் கடையில், செவ்வாய்க்கிழமை மழைக்கு ஒதுங்கி நின்ற தம்பிக்கு இந்த நன்றி. பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

சிறு தேயிலை விவசாயிகள் சிலரின் கணக்குகளை, வெளி வட்டில், கோப்புகளைக் குறியாக்கிப் பூட்டும் வெராகிரிப்ட் மென்பொருளின் பெட்டகக் கோப்பு ஒன்றில் பூட்டி வைத்திருக்கிறேன். கடவுச்சொல் கொடுத்தால் கணினியில் தனி டிரைவாகத் திறக்கும். இரண்டு வாரமாக அது தானாகவே துண்டித்துக்கொண்டது. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் டிரைவ் மாயமாகியிருக்கும். மலையில் அடிக்கடி போகும் மின்சாரத்தைத் திட்டித் தீர்த்தேன். மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறது என்பதுகூட அந்தக் கோபத்தில் உறைக்கவில்லை!

தம்பி எதையும் அழிக்கவில்லை. முதலில் பெட்டகக் கோப்பை வேறொரு வட்டில் நகலெடுக்கச் சொன்னார். நான் கடவுச்சொல்லைத் தட்டும்போது முகத்தைத் திருப்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்றுக்காகவே அவரை நம்பினேன். பிறகு வெராகிரிப்டின் அமைப்புகளைத் திறந்து, ஸ்கிரீன் சேவர் வந்ததும் டிரைவைத் துண்டிக்கும் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தார். அதைப் போட்டவன் நான்தான், கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி. சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை உறங்கவைக்கும் விண்டோஸ் வசதியையும் நிறுத்தினார். அன்றிலிருந்து ஒருமுறைகூடத் துண்டிக்கவில்லை.

பணம் நீட்டினேன். "பஸ் வந்துவிட்டது அண்ணா" என்று குன்னூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

தம்பி, கைப்பிடியில் நீல நூல் சுற்றிய உங்கள் கறுப்புக் குடை அந்தக் கடையிலேயே இருக்கிறது.