பெருமாளுக்கு இடமில்லாத கண்ணாடி அலமாரி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு கொலு முடிந்ததும், பொம்மைகளை மறுபடி பரணில் ஏற்ற மனமில்லாமல் கண்ணாடி அலமாரி ஒன்று வாங்கினேன். தட்டுகளுக்கிடையே 11 அங்குலம். மதுரை அருகே விளாச்சேரியில் வாங்கிய எங்கள் மண் பெருமாளோ 15 அங்குலம். குனிந்து நிற்கச் சொல்ல முடியுமா அவரை? கடைக்காரர், "எல்லாம் இப்படித்தான் சார் வருகிறது" என்று முடித்துவிட்டார்.

தச்சர் ஒருவரை அழைத்தேன். அவர் முதலில் சொன்னது, கண்ணாடியைத் தொடவே கூடாது என்பதுதான். டெம்பர்டு கண்ணாடியை, அதாவது சூடேற்றி உறுதியாக்கும் கண்ணாடியை, பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. மொத்தமும் பொடிப்பொடியாக நொறுங்கிவிடும். ஆகவே தட்டைத் தாங்கும் முளைகளை வேண்டிய உயரத்தில் செருகுவதற்காக, பக்கத்து மரப்பலகைகளில் மட்டும் 5 மி.மீ. துளைகளை 32 மி.மீ. இடைவெளியில் வரிசையாக இட்டார். பலகையைத் துளைத்து மறுபக்கம் வந்துவிடாதபடி துளைக்கருவியின் முனையில் ஒட்டுநாடா சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டார். நான்கு மூலைக்கும் ஒரே அட்டையை வைத்துத்தான் அளவு. ஒரு நூல் பிசகினாலும் தட்டு ஆடும், தலையாட்டிப் பொம்மைக்கு வேலையே இருக்காது!

கூலி 700 ரூபாய். கொடுத்தது வருத்தமில்லை. ஆனால் இந்த 32 மி.மீ. கணக்கு அறைகலன் தொழிலில் உலகெங்கும் பழகிய ஒன்று. பலகையை இணைக்கும் முன்பே தொழிற்சாலையில் துளைகளை இட்டு, கூடுதலாக எட்டு முளைகளைப் பையில் போட்டுத் தந்தால் என்ன? உற்பத்தியாளர்கள் கவனிக்க வேண்டும்.

கழற்றிய ஒரு தட்டு இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்