அடுத்த 'பிளாக்' எடுக்கப்போகிறவர்களுக்கு

இந்திப் பட இயக்குநர்களுக்கும் கதை எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

2005-இல் சஞ்சய் லீலா பன்சாலியின் 'பிளாக்' வந்தது. கண் தெரியாத, காது கேட்காத மிஷெல். அவளை விடாப்பிடியாக மொழிக்குள் கொண்டுவரும் ஆசிரியர் தேப்ராஜ் சஹாய். ராணி முகர்ஜி, அமிதாப் பச்சன் நடிப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குட்டி மிஷெலாக வந்த ஆயிஷா கபூர் அவர்களுக்கும் ஒரு படி மேல் என்பேன். என் பேச்சு அந்த ஆசிரியரைப் பற்றி.

அவள் கையில் சொற்களை உணர்த்துகிறார், சரி. ஆனால் படம் நம் மனதில் பதிப்பது வேறு. கத்துகிறார், அறைகிறார், கடைசியில் பிள்ளையை நீரூற்றுக்குள் தள்ளுகிறார். அப்பா ஊரில் இல்லாத 20 நாளில் அதிசயம் நடந்துவிடுகிறது. அர்ப்பணிப்பு இருந்தால் போதும் என்று நம்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருகிறோம்.

ஹெலன் கெல்லர் கதையின் நிழல்தான் இது. அமெரிக்காவில் ஹெலனுக்கு ஆசிரியராக ஆன் சலிவன் 1887 மார்ச்சில் வந்தார். ஏப்ரலிலேயே தண்ணீர் பம்ப் அருகில் ஹெலனுக்குச் சொல் பிடிபட்டது. அங்கேயும் ஏறக்குறைய ஒரு மாதம்தான், உண்மை. ஆனால் சலிவன் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். பார்வையும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண்ணுக்கு அதே பள்ளியில் ஐம்பது வருடம் முன்பு எப்படிக் கற்பித்தார்கள் என்ற பதிவுகளைப் படித்துவிட்டுத்தான் ஹெலனிடம் போனார். ஹெலனுக்கும் 19 மாதம் வரை பார்வை இருந்தது, காதும் கேட்டது. பிறவியிலேயே இரண்டும் இல்லாத குழந்தைக்கு ஒரே மாதத்தில் அப்படி நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. வருடங்கள் ஆகும்.

அந்த வருடங்களில்தான் உங்களுக்கு வேண்டிய கதை இருக்கிறது. குழந்தைக்கு எவ்வளவு பார்வை, எவ்வளவு செவித்திறன் மிச்சம் என்று கண்டுபிடிப்பதே சிறப்பாசிரியர்களான எங்கள் முதல் வேலை; பலருக்குக் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். அப்புறம், வந்திருப்பது யார் என்று தெரிய வேண்டாமா? தினமும் அதே வளையலைத் தொட்டுப் பார்க்கக் கொடுப்போம். சாப்பாட்டுக்கு முன் கரண்டி, குளிக்கும் முன் துண்டு, நாள் தவறாமல் அதே வரிசை. குழந்தையின் கையை மேலிருந்து அழுத்திப் பிடிக்க மாட்டோம். எங்கள் கை கீழே, அதன் கை மேலே, பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட பிள்ளையின் கன்னத்தில் ஓர் அறை விழுவதை யோசித்துப் பாருங்கள். எங்கிருந்து வந்தது, யார் அடித்தார், எதற்கு, ஒன்றும் தெரியாது. அதன்பின் எந்தக் கையை நம்பும்?

இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம். மும்பையிலேயே ஹெலன் கெல்லர் நிறுவனம் 1977 முதல் இருக்கிறது. இந்தப் படத்துக்காக ராணி முகர்ஜி சைகை மொழி பழகியதும் அங்கேதான். அவ்வளவு தூரம் போனவர்கள், அங்குள்ள ஆசிரியர்கள் வேலை செய்யும் விதத்தையும் திரைக்கதைக்குள் கொண்டுவந்திருக்கலாமே.

அடுத்த படத்துக்கு, கதை பேசும் அறையிலேயே சிறப்பாசிரியர் ஒருவரையும், பார்வையும் செவியும் இழந்த பெரியவர் ஒருவரையும் உட்கார வையுங்கள், சம்பளம் கொடுத்து. மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டும்போது அவர்களோடு கலந்து பேச வேண்டும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. காட்சியை விளக்கும் ஒலி பார்வையற்றவர்களுக்கு, திரையடியில் வரும் எழுத்து காது கேளாதவர்களுக்கு. மிஷெலைப் போன்றவருக்கு இரண்டுமே உதவாது. வசனமும் காட்சி விவரமும் சேர்ந்த எழுத்துப் பிரதி இருந்தால், பிரெய்ல் கருவியில் விரலால் படித்துவிடுவார். திரைக்கதை உங்களிடம் ஏற்கெனவே எழுத்தில்தானே இருக்கிறது? பெரிய செலவும் இல்லை. படம் வெளியாகும் அன்றே அதையும் வெளியிடுங்கள், ஆறு மாதம் கழித்து வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியர்