நவம்பர் கடைசியிலேயே இருக்கட்டும் அந்த ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) மிச்சிகன் – ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம் நெருங்கும்போதெல்லாம் இப்போது ஒரு பேச்சு கிளம்புகிறது. 2024 முதல், தேசியக் கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் 4 அணிகளுக்குப் பதில் 12 அணிகள் ஆடுகின்றன. இந்த ஆட்டத்தில் தோற்றாலும் உள்ளே போய்விடலாம். ஆகவே பழைய கனம் இதற்கு இல்லை, அக்டோபருக்கு மாற்றினாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்கிறார்கள். இரு பக்க ரசிகர்களும் அந்த வாரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கவனித்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஒஹாயோ ஸ்டேட் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தது. மிச்சிகனோ அதுவரை 6 வெற்றி, 5 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்தது. சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் ஒஹாயோ ஜெயிக்கும் என்பது கணிப்பு. இடைவேளையில் 10-10. அதற்குப் பிறகு ஒஹாயோவால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. ஜெரமையா ஸ்மித், எமேகா எக்பூகா என்று எறியும் பந்தைப் பிடிப்பதில் நாட்டிலேயே சிறந்த ரிசீவர்களைக் கையில் வைத்துக்கொண்டு, மிச்சிகன் தடுப்பாட்டக்காரர்கள் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் சுவர்போல் நின்ற நடுப்பகுதிக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பந்தோடு ஓடப் பார்த்தார்கள். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல்கள் இரண்டு தவறின. பந்தை எறியும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் எறிந்தவற்றில் இரண்டு எதிரணியின் கையில் போய் விழுந்தன. ஆட்டம் முடிய 45 விநாடி இருக்கும்போது மிச்சிகனின் டொமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 13-10.

அதே ஒஹாயோ ஸ்டேட் அடுத்து டென்னசி, ஓரிகன், டெக்சஸ், நோட்ரடாம் என்று நான்கு அணிகளை வரிசையாக வீழ்த்தித் தேசியக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் 34-23. பிளேஆஃப் எல்லாக் கணக்கையும் நேராக்கிவிடும் என்றால் அந்தக் கோப்பை வந்த இரவிலேயே 13-10 மறந்திருக்க வேண்டும். மறக்கவில்லை. அந்த அணியின் ரசிகர்கள் அடுத்த பத்து மாதமும் கோப்பையைப் பற்றி ஒரு மூச்சு பேசினால், மிச்சிகனிடம் தொடர்ந்து நான்கு முறை தோற்றதைப் பற்றி இரண்டு மூச்சு பேசினார்கள். 2025 நவம்பரில் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் பனி கொட்டக் கொட்ட 27-9 என்று ஜெயித்த பிறகுதான் அவர்களுக்கு நெஞ்சு ஆறியது. 2019-க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது.

இவ்வளவு தவிப்புக்குக் காரணம் எளிது. கிரிக்கெட் தொடர்போல அடுத்த வாரம் சரிக்கட்டிக்கொள்ள இதில் வழி கிடையாது. ஆண்டுக்கு ஒரே ஆட்டம், 60 நிமிடம். தோற்றால் 365 நாள் காத்திருக்க வேண்டும். கல்லூரி அணி என்பதால் நான்கைந்து ஆண்டுகளில் ஆட்டக்காரர்கள் முற்றாக மாறிவிடுவார்கள். ஒருமுறைகூட மிச்சிகனை வெல்லாமலே படிப்பை முடித்துப் போகிறவர்களும் உண்டு. 1934 முதல், மிச்சிகனை வென்ற ஆண்டில் ஒஹாயோ ஸ்டேட் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தங்க நிறக் குட்டிக் கால்சட்டைப் பதக்கம் ஒன்று தரப்படுகிறது. 'அவர்களும் நம்மைப்போலக் கால்சட்டையை ஒவ்வொரு காலாகத்தானே போடுகிறார்கள்' என்று அப்போதைய கோச் பிரான்சிஸ் ஷ்மிட் சொன்னதிலிருந்து வந்த வழக்கம் அது. தேசியக் கோப்பை மோதிரம் வைத்திருந்தும் இந்தப் பதக்கம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

பலம் கூடிய அணியின் ரசிகர்கள்தான் அதிகம் நடுங்குவார்கள் என்பது புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம். நடுங்கக் காரணம் இருக்கிறது. 1969-இல் தொடர்ந்து 22 ஆட்டங்களை வென்று முதலிடத்தில் வந்த ஒஹாயோ ஸ்டேட்டை, அந்த ஆண்டுதான் மிச்சிகன் கோச்சாகப் பொறுப்பேற்ற போ ஷெம்பெக்லர் 24-12 என்று தோற்கடித்தார். அவர் ஒரு காலத்தில் ஒஹாயோ கோச் வுடி ஹேஸிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். அங்கிருந்து 1978 வரையிலான பத்து ஆட்டங்களைப் 'பத்தாண்டுப் போர்' என்றே அழைக்கிறார்கள். ஷெம்பெக்லருக்கு 5, ஹேஸுக்கு 4, ஒன்று சமன். அந்தச் சமன் 1973-இல் வந்த 10-10. சீசன் முடிந்தபின் நடக்கும் 'பவுல்' என்ற அழைப்பு ஆட்டங்களில் பெருமைக்குரிய ரோஸ் பவுலுக்கு யார் போவது என்று, இரு அணிகளும் ஆடும் பிக் டென் மாநாட்டின் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) விளையாட்டு இயக்குநர்கள் வாக்கெடுத்து ஒஹாயோவை அனுப்பினார்கள். மிச்சிகன் பக்கத்துப் பெரியவர்களிடம் இன்றைக்கும் அந்த வாக்கெடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் சீக்கிரம் முடியாது.

1993, 1995, 1996 மூன்று ஆண்டுகளிலும் ஒஹாயோ ஸ்டேட் ஒரு தோல்விகூட இல்லாமல் இந்த ஆட்டத்துக்கு வந்து, மூன்றிலும் தோற்றது. 1995-இல் மிச்சிகனின் டிம் பியாகபுடுகா ஒருவரே 313 யார்டு ஓடினார். கோச் ஜான் கூப்பர் மற்ற அணிகளை அடுக்கடுக்காக வென்றவர்தான். ஆனால் மிச்சிகனிடம் 2 வெற்றி, 10 தோல்வி, ஒரு சமன். 2000 சீசனோடு அவர் வேலை போனது. அவருக்கு அடுத்து வந்த ஜிம் டிரெஸல், 2001 ஜனவரியில் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் மைக்கைப் பிடித்து, இன்னும் 310 நாளில் ஆன் ஆர்பரில் உங்களைப் பெருமைப்பட வைப்போம் என்று நாள் எண்ணிச் சொன்னார். அப்போதே அரங்கம் அதிர்ந்தது. நவம்பரில் 26-20 என்று சொன்னதைச் செய்தும் காட்டினார். மறுபக்கம், 2012 முதல் 2019 வரை எட்டு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்ற மிச்சிகன் ரசிகர்களின் வேதனை தனி. அதிலும் 2016-இல் இரண்டாவது கூடுதல் நேரத்தில் பந்தைத் தக்கவைக்கக் கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் ஒரு யார்டு தேவைப்பட்டபோது, ஒஹாயோவின் ஜே.டி. பேரட் எட்டினாரா இல்லையா என்று நடுவர் பந்தை வைத்த இடம் இன்னும் தீராத வழக்கு. அடுத்த ஓட்டத்திலேயே கர்ட்டிஸ் சாமுவேல் 15 யார்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். 30-27.

பகைக்கு வேர் 1835-இல் டொலீடோ நகரப் பகுதிக்காக இரு தரப்பும் படை திரட்டிய எல்லைச் சண்டை என்று பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள். சுவையான செய்திதான். ஆனால் 1897-இல் முதல் ஆட்டம் நடந்தபோது யாரும் அதற்காக ஆடவில்லை. 1918 முதல் ஆண்டுதோறும் ஆடத் தொடங்கி, 1935 முதல் இது ஏறக்குறைய எப்போதும் வழக்கமான சீசனின் (பவுல், பிளேஆஃப் ஆட்டங்களுக்கு முந்தையது) கடைசி ஆட்டமாக அமைந்த பிறகுதான் இந்தச் சூடு ஏறியது. கடைசி ஆட்டம் என்பதால்தான் பட்டம், பவுல் அழைப்பு, கோச்சின் வேலை எல்லாம் இதில் வந்து நின்றன. தேதியை அசைத்தால் ஆணிவேர் அசையும் என்று சொல்வதற்கு இதுவே காரணம். பெருந்தொற்றால் 2020-இல் ஆட்டம் ரத்தானபோது, பலருக்கு அந்தச் சீசன் முடியாமலே நின்றுபோனதுபோல் இருந்தது.

தேதி போனால் குளிரும் போய்விடும். அக்டோபர் வெயிலில் இவ்விரு அணிகளும் ஆடுவது வேறு ஆட்டம். நவம்பர் கடைசியில் கொலம்பஸிலும் ஆன் ஆர்பரிலும் காற்று வீசும், சில ஆண்டுகள் பனி பெய்யும். குளிரில் பந்து இறுகும், உதைத்தால் வழக்கமான தூரம் போகாது. விரல் விறைத்துக் கையிலிருந்து நழுவும். நீளமாக எறியும் அணியைவிடத் தரையில் ஓடும் அணிக்குச் சாதகம் கூடும். பலம் குறைந்த அணி பெரிய அணியைக் கவிழ்க்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் உச்சம் 1950 நவம்பர் 25. கொலம்பஸில் பனிப்புயல், கோடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த ஆட்டத்தில் நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறினால்தான் பந்து கையில் தங்கும். அதை 'ஃபர்ஸ்ட் டவுன்' என்பார்கள். அன்று மிச்சிகன் ஆட்டம் முழுக்க ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட எடுக்கவில்லை. 24 முறை பந்தை உதைத்தே அனுப்பியது. ஒஹாயோ 21 முறை. நம் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை வைத்துத் தடுமாறுவதைவிட எதிரியின் கோட்டுக்குப் பக்கத்தில் அவனைத் தடுமாற விடுவது மேல் என்பது கணக்கு. இடைவேளைக்கு 47 விநாடி இருக்கையில், நேரத்தைக் கரைத்திருக்க வேண்டிய ஒஹாயோ மூன்றாவது முயற்சியிலேயே பந்தை உதைத்தது. டோனி மாம்சன் அதை மறித்து, டச்டவுன் கோட்டுக்குள் பந்தின் மேல் விழுந்தார். 9-3 என்று மிச்சிகன் வென்று ரோஸ் பவுலுக்குப் போனது. ஒஹாயோ கோச் வெஸ் ஃபெஸ்லர் பதவி விலகினார். அந்த நாற்காலிக்கு வந்தவர்தான் வுடி ஹேஸ். அந்த ஒரு உதை நடக்காமல் இருந்திருந்தால் பத்தாண்டுப் போரும் நடந்திருக்காது.

மாற்றச் சொல்கிறவர்களிடம் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2024 முதல் பிக் டென் மாநாட்டில் பிரிவுகள் கிடையாது. 18 அணிகளில் முதலிரண்டு இடம் பிடிப்பவை, ஒரு வாரம் கழித்து இண்டியானாபொலிஸில் பட்டத்துக்கு ஆடும். இவை இரண்டுமே அந்த இடங்களைப் பிடித்துவிட்டால் ஏழே நாளில் மறுபடி மோத வேண்டிவரும். முதல் ஆட்டத்தின் வலி நீர்த்துப்போகும் என்ற அச்சம் பொய்யில்லை. ஆனால் 2024, 2025 இரண்டு சீசனிலும் அப்படி நேரவில்லை. எப்போதோ நேரக்கூடிய ஒன்றுக்காக ஆண்டுதோறும் இருப்பதைக் கலைப்பது சரியான வைத்தியமாகத் தெரியவில்லை. 2010-இல் பிரிவுகளைப் பிரிக்கும் திட்டம் பேசப்பட்டபோதும் இதே அக்டோபர் யோசனை வந்தது. இரண்டு பக்கத்து ரசிகர்களும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். மற்ற எதிலும் ஒத்துப்போகாத அவர்கள் ஒத்துப்போன அபூர்வமான விஷயம் அது.

ஆத்திரத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தில் அந்த வாரம் முழுக்கப் பலகைகளில் உள்ள 'எம்' எழுத்தின்மேல் சிவப்புப் பட்டை ஒட்டிவிடுவார்கள். மிச்சிகன் என்ற பெயரைச் சொல்லாமல் 'வடக்கே இருக்கும் அந்த அணி' என்று வுடி ஹேஸ் சொன்ன வழக்கம் இன்றும் தொடர்கிறது. எதிரணியின் சைகைகளை முறைகேடாகப் படம்பிடித்த விவகாரத்தில் 2023 வழக்கமான சீசனின் கடைசி மூன்று ஆட்டங்களுக்கு அப்போதைய மிச்சிகன் கோச் ஜிம் ஹார்பா தடை செய்யப்பட்டார். அந்த ஆண்டுகளின் வெற்றிகள் களங்கப்பட்டவை என்பது ஒஹாயோ ரசிகர்களின் மனத்தாங்கல். அந்த விவகாரம் வெளிவந்து ஓராண்டு கழித்தும் 13-10 என்று வென்றோமே என்பது மிச்சிகன் ரசிகர்களின் பதில். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதே 13-10 முடிந்ததும் மிச்சிகன் ஆட்டக்காரர்கள் மைதானத்தின் நடுவே தங்கள் கொடியை நடப்போய், கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிக்கும்வரை போனதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. 1982 முதல் இதே வாரங்களில் இதே இரண்டு வளாகங்களும் யார் அதிக ரத்த தானம் செய்வது என்றும் போட்டி நடத்துகின்றன. அந்தக் கொடிச் சண்டையில் இறங்கியவர்களைவிட அதிகம் பேர் இதற்குக் கூடுகிறார்கள் என்பதையும் பத்திரிகைகள் எழுதலாம்.

ஆன் ஆர்பரிலோ கொலம்பஸிலோ பிள்ளைகள் படிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஆட்டம் இரட்டைப்படை ஆண்டுகளில் கொலம்பஸில், ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆன் ஆர்பரில். 2010 முதல் தேங்க்ஸ்கிவிங் வியாழனுக்கு அடுத்த சனிக்கிழமை. ஒஹாயோ ஸ்டேடியத்தில் 1,02,780 பேர், மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் அமரலாம். பெரும்பாலும் சாய்வில்லாத நீள பெஞ்சுகள். முதலில் விறைப்பது கையல்ல, பாதம். கான்கிரீட் சூட்டை உறிஞ்சிவிடும். காலுக்கடியில் ஒரு அட்டைத் துண்டு போட்டுக்கொண்டால் பெரிய வித்தியாசம் தெரியும். ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய உடைகள் மூன்று நான்கு அடுக்கு நல்லது. பருத்திக் காலுறை வேர்வையில் நனைந்தால் பிறகு சூடாகாது, கம்பளிக் காலுறை வேண்டும். மொத்தம் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். கொலம்பஸ் போகிறவர்கள் வாத்தியக் குழு 'ஒஹாயோ' என்ற சொல்லை நடந்தே எழுதி, சூசபோன் என்ற பெரிய ஊதுகருவியை ஏந்தியவர் அந்த 'ஐ' எழுத்துக்குப் புள்ளி வைப்பதைத் தவறவிடக் கூடாது. 1936 முதல் நடப்பது.

ஆட்டம் பெரும்பாலும் அவர்களுடைய நண்பகல் 12 மணிக்குத் தொடங்கும். நமக்குச் சனி இரவு 10.30. முடிய இரவு 2 மணி ஆகிவிடும், அதற்குள் தங்கள் ஞாயிறு இதழ் அச்சேறியிருக்கும். ஆகவே திங்கள் இதழின் விளையாட்டுப் பக்கத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். புள்ளிகளோடு இரண்டு அணியும் தரையில் ஓடிய யார்டு எத்தனை, பந்தை எத்தனை முறை பறிகொடுத்தன, தவறிய ஃபீல்ட் கோல் எத்தனை என்ற மூன்று எண்களையும் சேர்த்துப் போட்டால், ஆட்டம் பார்க்காதவர்களுக்கும் யார் ஏன் ஜெயித்தார்கள் என்று விளங்கிவிடும்.

இப்படிக்கு,
கல்லூரி ஃபுட்பாலைத் தொடர்ந்து பார்த்துவரும் வாசகர்கள்