சைரன் ஊதும்போது வீட்டில் தனியாக இருப்பவர்கள்: நம் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு மடல்

அன்புள்ள செயற்குழுவினருக்கு, வணக்கம்.

பொங்கல் விழாவுக்கு யார் வீட்டிலிருந்து சாம்பார், யார் வீட்டிலிருந்து வடை என்று நம்மிடம் பக்காவாகப் பட்டியல் இருக்கிறது. இங்கே அலபாமாவில் டொர்னாடோ (சுழல்காற்று) வார்னிங் வந்தால் யார் யாருக்குப் போன் செய்வது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

போன வசந்தத்தில் நடந்தது இது. நானும் மனைவியும் ஆபீசில். வேதாரண்யத்திலிருந்து வந்திருந்த அம்மா, பின்பக்க டெக்கில் பழைய வேட்டியை விரித்து வடாம் காயவைத்திருந்தார். டொர்னாடோ சைரன் ஊதியிருக்கிறது. தீயணைப்பு வண்டி என்று நினைத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் வடாமை எடுத்துவிடலாம் என்று நிதானமாகப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டிதான் ஓடிவந்து, கையைப் பிடித்து இழுத்துப்போய், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில் உட்காரவைத்தார். அவர் பேசியது அம்மாவுக்குப் புரியவில்லை, பிடித்த பிடி புரிந்தது. நல்லவேளை, எங்கள் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கஜாவையே பார்த்தாச்சு, இதென்னடா" என்கிறார் அம்மா. சிக்கலே அங்கேதான். 2018இல் கஜா புயல் வருகிறது என்று நாள்கணக்கில் சொன்னார்கள். முகாமுக்குப் போக அவகாசம் இருந்தது. இங்கே வார்னிங் வந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. வாட்ச் என்றால் வரக்கூடும், வார்னிங் என்றால் உடனே கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள் அறைக்குப் போ. இந்த வித்தியாசத்தை நம் பெற்றோருக்கு யாராவது தமிழில் சொல்லியிருக்கிறோமா? 1987இல் டெக்சஸின் சரகோசா என்ற சிற்றூரில் 30 பேர் செத்தார்கள். அங்கே பெரும்பாலோர் பேசியது ஸ்பானிஷ். எச்சரிக்கை அவர்கள் மொழியில் சரியாகப் போய்ச் சேரவில்லை.

போனில் எச்சரிக்கை அலறல் வருமே என்பீர்கள். அது செல் கோபுரம் வழியாக வருவது. வைஃபையில் மட்டும் ஓடும் அம்மாவின் போனுக்கு வராது. கோபுரத்தையும் முழுசாக நம்ப முடியாது. 2011 ஏப்ரல் 27 இங்கே அலபாமாவில் பழைய ஆட்களுக்கு மறந்திருக்காது. விடியற்காலைப் புயலிலேயே பல இடங்களில் கரண்ட் போனது, வானிலை ரேடியோ கோபுரங்கள் சிலவும் படுத்துவிட்டன. டஸ்கலூசா, ஹேக்கில்பர்க் ஊர்களைச் சிதைத்த டொர்னாடோக்கள் அதற்கப்புறம், மதியத்துக்கு மேல் வந்தன. மாநிலத்தில் மட்டும் 200க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள்.

அதனால் கேட்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், பகலில் குழந்தையோடு தனியாக இருக்கும் அம்மாக்கள், புதிதாக வந்த மாணவர்கள், இவர்களைத் தெருவாரியாக எழுதி, நாலைந்து வீட்டுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வாட்ச் அறிவித்ததுமே அவர் கூப்பிட வேண்டும், வார்னிங் வரும்வரை காத்திருக்கக் கூடாது. எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு எண்ணும் கையில் இருக்கட்டும். எல்லாம் ஓய்ந்த பிறகு குரூப்பில் "ஆல் சேஃபா?" என்று ஒரு வரி போட்டு, அதற்கு நாற்பது கும்பிடு விழுவதை விசாரிப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் பெயராக என் அம்மாவை எழுதிக்கொள்ளுங்கள். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை தூங்குவார். எடுக்கும்வரை விடாமல் அடியுங்கள்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவன்