முழங்கைக்குக் கீழே குத்துவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையில் பச்சை குத்தியிருந்தால் டாக்டருக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்காது என்ற பேச்சு கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கத்து வீடுகளில் பலமாக இருக்கிறது. அதே வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், "இப்ப அதையெல்லாம் யாரும் பாக்குறதில்ல, வேணாம்னா லேசர்ல எடுத்துக்கலாம்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் அரைகுறை விவரத்தில் பேசுகிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் 100 இடங்களோடு திறக்கப்பட்டது. அங்கேயும் வெளியூர்களிலும் படித்து, வெளிநாட்டுத் தேர்வுகளுக்குத் தயாராகும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்த விவரங்கள் பயன்படும் என்று எழுதுகிறோம்.

பச்சை குத்துவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. வயதான பெண்களின் முன்கையில் இன்றும் கோலத்தைப் பார்க்கலாம். அகத்தி இலையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் சுற்றித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக் குத்திய கோலம் அது. அப்பத்தா கையில் அழகாகத் தெரிந்த ஒன்று பேத்தி கையில் வந்ததும் ஒழுக்கக்கேடு ஆகிவிடாது. பிள்ளையைத் திட்டுவதற்கு இதை ஒரு காரணமாக எடுக்க வேண்டாம் என்று பெற்றோரை முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

நோயாளிகள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு ஓரளவு நல்ல ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்தது; 2018-இல் வெளியானது. ஒரே டாக்டர்கள் சில நாள் ஒட்டு டாட்டூவோடும், சில நாள் காது மூக்கு வளையத்தோடும், சில நாள் எதுவும் இல்லாமலும் வேலை பார்த்தார்கள். பிறகு 924 நோயாளிகளிடம் டாக்டரின் திறமை, அக்கறை, நம்பகத்தன்மை பற்றிக் கேட்டார்கள். டாட்டூ பற்றிய ஆய்வு என்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. மதிப்பெண்ணில் வித்தியாசமே வரவில்லை. வலியோடு வந்தவர் டாக்டரின் கையை ஆராய்வதில்லை. தன் வலியை அவர் காது கொடுத்துக் கேட்டாரா என்றுதான் பார்க்கிறார்.

ஆனால் புகைப்படத்தைக் காட்டிக் கேட்டால் பதில் மாறுகிறது. மருத்துவமனை ஊழியர்களின் படங்களை வைத்து அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், டாட்டூ தெரியும் பெண்களுக்கு, அதே மாதிரி டாட்டூ உள்ள ஆண்களைவிடக் குறைந்த மதிப்புக் கிடைத்தது. இது நியாயமே இல்லை. ஆனாலும் நம் பெண் டாக்டர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது. காணொளி இன்டர்வியூவில் உட்காரும்போது நீங்களும் எதிரில் இருப்பவருக்கு ஒரு படம்தான். மேலும், முதல் ஆய்வு ஒரு நாட்டின் ஓர் ஊரில், டாக்டரை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும் நோயாளிகளிடம் நடந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு ரியாத்துக்குப் போக முடியாது.

இனி, நம்மவர்களில் பலர் கவனிக்காத விஷயத்துக்கு வருகிறோம். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் 2008 முதல் 'முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது' என்ற விதியைக் கடைப்பிடிக்கின்றன. அரைக்கைச் சட்டை, அல்லது முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட முழுக்கை. வாட்ச், வளையல், கயிறு எதுவும் கூடாது. கல் வைக்காத ஒற்றைக் கல்யாண மோதிரத்துக்கு மட்டும் அனுமதி. வெள்ளைக் கோட்டு போயே போய்விட்டது. காரணம், கை கழுவுவது. சட்டைக் கையும் வாட்சும் இருந்தால் மணிக்கட்டை யாரும் ஒழுங்காகக் கழுவ மாட்டார்கள். கோட்டின் கைநுனி ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கிருமியைச் சுமக்கும். டாட்டூவுக்கும் இந்த விதிக்கும் சம்பந்தமில்லை. அங்கே மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜி.எம்.சி.யும் டாட்டூவைத் தடுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? முன்கையில் குத்தியிருப்பதை வேலை நேரத்தில் மறைக்க வழியே இல்லாமல் போகிறது. வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் அங்கே பதிவு பெற எழுதும் பிளாப் தேர்வின், மான்செஸ்டரில் நடக்கும் இரண்டாம் பகுதியிலிருந்தே, நோயாளி வேடத்தில் இருப்பவர் முன்னால் அந்தக் கை திறந்துதான் இருக்கும்.

"இறுக்கமான ஸ்லீவ் மாட்டிக்கொள்ளலாமே" என்பார்கள். துணி ஸ்லீவும் அதே விதியில் அடிபடும். மத நம்பிக்கையால் முன்கையைத் திறந்து வைக்க முடியாதவர்களுக்கு முழங்கையிலும் மணிக்கட்டிலும் எலாஸ்டிக் வைத்த, ஒருமுறை போட்டு எறியும் உறை உண்டு. கையுறையைப் போலவே ஒவ்வொரு நோயாளிக்கும் அதை மாற்ற வேண்டும். டாட்டூவை மறைக்கவென்று அதைக் கேட்டால் கிடைக்கும் என்று நம்ப முடியாது. டாட்டூ மறைக்கும் கிரீம் இன்டர்வியூவுக்கு உதவும், வார்டுக்கு உதவாது. ஒரு நாளில் எத்தனையோ தடவை சோப்பும் ஸ்பிரிட்டும் பட வேண்டிய இடம் அது. கிரீம் கலைந்து திட்டுத்திட்டாகத் தெரியும். கலையக் கூடாதென்று சரியாகக் கழுவாமல் விட்டால் அது டாட்டூவைவிடப் பெரிய குற்றம். அறுவைக்கு முன் முழங்கை வரை தேய்த்துக் கழுவும்போது கேட்கவே வேண்டாம்.

வளைகுடாவில் நிலைமை தலைகீழ். உடலில் நிரந்தரமாகப் பச்சை குத்துவது இஸ்லாமிய மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. மருதாணிக்கு அந்தத் தடை இல்லை. இது கீழக்கரைக்காரர்களுக்கும் ஏர்வாடிக்காரர்களுக்கும் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துபாய் தெருவில் கையெல்லாம் டாட்டூவோடு நடக்கும் சுற்றுலாப் பயணியைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியும் அப்படித்தான் என்று முடிவு கட்டக் கூடாது. அங்கே நோயாளியின் குடும்பமே உள்ளே வந்து உட்காரும். வயதானவர்கள் உங்கள் கையைப் பார்ப்பார்கள். முழுக்கைச் சட்டையும் கோட்டும் போடும் வழக்கமுள்ள வெளிநோயாளர் பிரிவில் முன்கை டாட்டூ மறைந்துவிடும். புறங்கை, விரல், கழுத்து, காதுக்குப் பின்புறம் மறையாது. ஆகவே இரண்டு திசையையும் மனதில் வைத்திருக்கும் ஒருவருக்கு எங்கள் கணக்கு இதுதான்: அரைக்கைச் சட்டை மறைக்கும் தோள், முதுகு, மார்பு இருக்கின்றன. முழங்கைக்குக் கீழும் காலருக்கு மேலும் வேண்டாம்.

ஜப்பானுக்கு டாக்டர்களைவிட நர்ஸ்களும் முதியோர் பராமரிப்புக்குப் போகிறவர்களும்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். அங்கே 1872 முதல் 1948 வரை டாட்டூ சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்தது. இன்றும் பொதுக் குளியல் விடுதிகள் பலவற்றில் டாட்டூ உள்ளவரை உள்ளே விடுவதில்லை. முதியவர்களுக்கு அது அடியாள் கும்பலின் அடையாளம். அந்த முதியவர்களைத்தான் நம் பிள்ளைகள் குளிப்பாட்டப் போகிறார்கள்.

இடத்தைப் போலவே படமும் முக்கியம். வேல், சிலுவை, பிறை, அம்மா பெயர் இவற்றால் பெரிதாக எதுவும் வராது. ஸ்வஸ்திகா வேறு. நமக்கு அது புதுக்கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி இடும் மங்கலக் குறி. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி குற்றம். ஆஸ்திரேலியாவிலும் 2024 ஜனவரி முதல் நாடு முழுவதும் தடை. இந்து, பௌத்த, சமண வழிபாட்டுப் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு. சட்டத்தில் விலக்கு இருக்கலாம். ஹிட்லர் காலத்தில் குடும்பத்தை இழந்த ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, உங்கள் கையிலுள்ள சின்னம் சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா, நாலு புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ஊசி போடும் அந்த நிமிடத்தில் அவருக்கு விளக்கம் சொல்லவும் உங்களுக்கு நேரம் இருக்காது.

இலங்கைக்கு எதிர்க்கரையில் இருக்கிறோம். ஈழத்தின் மேல் உள்ள பாசத்தில் சீறும் புலியைக் குத்திக்கொண்ட இளைஞர்கள் இங்கே உண்டு. அந்தச் சின்னத்துக்குரிய விடுதலைப் புலிகள் இயக்கத்தை இந்தியா 1992-லும், பிரிட்டன் 2001-லும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006-லும் தடை செய்தன. குடியேற்ற அதிகாரி கேள்வி கேட்டால், பாசத்துக்காகக் குத்தினேன் என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும்.

சாதி அடையாளத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டுக்காரனுக்கு அது புரியாது என்று நினைத்து முன்கையில் சாதிப் பெயரையோ, சாதித் தலைவரின் முகத்தையோ குத்திக்கொள்கிறார்கள். லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் டொரான்டோ ஸ்கார்பரோவிலும் உங்கள் முன்னால் வந்து உட்காரப்போகும் நோயாளி தமிழராக இருக்கலாம். உங்களோடு டூட்டி பார்ப்பவர் மதுரைக்காரராக இருக்கலாம். அவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்கள். படித்த பிறகு தன் நோயை உங்களிடம் மனம்விட்டுச் சொல்லத் தயங்குகிற நோயாளியை நீங்கள் இழந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் கட்டிய வண்ணக் கயிற்றை அவிழ்த்துவிடலாம். தோலுக்குள் போனதை அப்படி அவிழ்க்க முடியாது.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது ஊசி. திருவிழாக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு, ஒரே ஊசியையும் ஒரே மைக்கிண்ணத்தையும் வைத்து வரிசையாகப் பத்துப் பேருக்குக் குத்துகிறார்கள். நடுவில் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும், துடைப்பதால் போகாது. வளைகுடா மெடிக்கலில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றையும் பார்க்கிறார்கள். ஒன்று பாசிட்டிவ் என்றாலும் அன்ஃபிட். படம் சட்டைக்குள் மறைந்திருந்தாலும் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஹெபடைடிஸ் சி-க்கு 12 வார மாத்திரையில் குணமாகும் மருந்து இருக்கிறது. ஆனால் குணமான பிறகும், கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி ரத்தத்தில் தங்கும். முதல் சோதனையில் பாசிட்டிவ் என்றே வரும். பிரிட்டனில் அறுவை சிகிச்சை, பிரசவம் போன்ற துறைகளில் சேரும் முன் இந்த மூன்றுக்கும் சோதனை உண்டு. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு, வைரஸ் அளவு ஒரு மில்லியில் 200 யூனிட்டுக்குக் கீழே இருந்தால், தொடர் கண்காணிப்போடு அனுமதி கிடைக்கும். சர்ஜன் ஆக வேண்டும் என்று இருப்பவர் ஒரு திருவிழா மாலையில் இத்தனையையும் பணயம் வைக்கிறார்.

குத்தித்தான் ஆக வேண்டும் என்றால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதலில். 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. கடைசித் தவணைக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஒரு லிட்டருக்கு 10 யூனிட்டைத் தாண்டியதா என்று பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. கடையில், உறை பிரிக்காத ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும்; மிச்சத்தைப் பாட்டிலில் திரும்ப ஊற்றக் கூடாது. மையைக் குழாய்த் தண்ணீரில் கலந்தால் அதிலிருந்தே கிருமி தோலுக்குள் போகும். திரும்பப் பயன்படுத்தும் இரும்புப் பிடி, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியில் 121 டிகிரி நீராவியில் வெந்திருக்க வேண்டும். வெந்நீரில் போட்டு எடுத்தது போதாது. ஆறுவதற்கு 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை அது திறந்த புண். அந்தக் கையோடு கடலில் இறங்கக் கூடாது, வார்டில் டிரெஸ்ஸிங் செய்யவும் கூடாது. கடல்நீரில் உள்ள விப்ரியோ வகைக் கிருமி புண் வழியே நுழைந்தால், ஈரல் கெட்டவருக்கு உயிரையே எடுக்கும். குத்திய நாளிலிருந்து 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது என்பதும் மருத்துவ மாணவர்களுக்கு நினைவிருக்க வேண்டும்.

லேசர் பற்றிய நம்பிக்கைக்கும் பதில் சொல்ல வேண்டும். கறுப்பு, கருநீல மை 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் என்ற வகை லேசருக்கு ஓரளவு பணியும். நம் தோல் நிறத்துக்குப் பாதுகாப்பானதும் அதுதான். சிவப்புக்கு 532 நானோமீட்டர் வேண்டும். அது தோலின் சொந்த நிறத்தையும் சேர்த்து எடுத்து வெள்ளைத் திட்டு விட்டுவிடலாம். பச்சையும் மஞ்சளும் எளிதில் போவதில்லை. வெள்ளை மை லேசர் பட்டதும் கறுத்துப்போவதும் உண்டு. ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் 6 முதல் 8 வாரம் இடைவெளி வேண்டும்; உடைந்த மைத்துகளை உடல் அகற்ற அவ்வளவு காலம் ஆகும். தொழில்முறையாகக் குத்திய படத்துக்கு 8, 10 அமர்வு சாதாரணம். அதாவது ஏறக்குறைய ஒரு வருஷம், சில சமயம் அதற்கு மேலும். வெயிலில் கறுத்த தோலில் லேசர் காட்டினால் கொப்புளம் வரும் என்பதால், நம் கடற்கரை வெயிலில் கையை மூடியே வைத்திருக்க வேண்டும். விசா வந்த பிறகு தொடங்கினால் பாதி அழிந்த படத்தோடுதான் விமானம் ஏற முடியும். முழுப் படத்தைவிட அது அசிங்கமாகத் தெரியும். ஹவுஸ் சர்ஜன் வருஷத்தின் தொடக்கத்திலேயே தோல் டாக்டரைப் பாருங்கள். ஆசிட் வைத்து எடுப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். படம் இருந்த இடத்தில் தழும்பு தடித்து நிற்கும்.

ஏற்கெனவே முன்கையில் குத்திவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். பிரிட்டனில் ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகமும் உடை, தோற்றம் பற்றித் தனி விதி எழுதி வைத்திருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வளைகுடா வேலை என்றால், டாட்டூவின் இடத்தையும் அளவையும் சொல்லி மருத்துவமனையின் மனிதவளப் பிரிவுக்கே மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். "அதெல்லாம் பிரச்சினை இல்ல தம்பி" என்று ஏஜென்ட் வாயால் சொல்வது அங்கே போய் இறங்கியதும் செல்லாது.

மாவட்ட சுகாதாரத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாக்களில் பலகாரக் கடைகளைச் சோதிக்க அதிகாரிகள் வருகிறார்கள். அதே வரிசையில் உட்கார்ந்திருக்கும் பச்சை குத்தும் கடையிலும் நின்று, ஊசி உறை பிரிக்கப்படுகிறதா, குத்திய ஊசி எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வரும் திருவிழாவிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
மருத்துவத் துறையினர் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து